கெட்டிக்காரரின் கெட்டிக் கிளாஸ்

"கை இருக்க வேண்டிய இடத்துல என்னடா வச்சிருக்கே, வாழைப்பழமா?"

"அவன் கையைச் சொல்லாதீங்க. சொல்லணும்னா என்னைச் சொல்லுங்க, நான்தான் வளர்த்தேன்."

"வளர்த்த லட்சணம்தான் தரையில ஓடுதே, பாரு."

ஓடியது டீ. டீக்கடையில் டீ ஓடுவது ஒரு செய்தியா என்று கேட்கலாம். முதலில் ஓடிய இடம் எதிர்க்கடைக்காரரின் மடி, பிறகுதான் தரை என்பதால் அது செய்தி. கடைக்காரரின் மச்சான், அதாவது மேற்படி வாழைப்பழக் கைகளுக்குச் சொந்தக்காரன், கிளாஸின் மேல்பாதியை மட்டும் வளையல் மாதிரி விரல்களில் மாட்டிக்கொண்டு நின்றான். அடிப்பாகம் தனி வட்டமாகக் கழன்று மேசைக்கு அடியில் உருண்டுபோய், செய்வதையெல்லாம் செய்துவிட்டு எனக்கென்ன என்று படுத்துக்கொண்டது.

கடைக்காரருக்குத் தெருவில் கொதி என்று பெயர். டீயும் கொதிக்கும், ஆளும் கொதிப்பார், இரண்டுக்கும் ஒரே பெயர் போதும் என்று தெரு சிக்கனமாக வைத்தது. கல்லாவில் உட்கார்ந்து எதிர்க்குரல் கொடுத்தவள் அவர் மனைவி, மச்சானின் அக்கா. புருஷனும் பெண்டாட்டியும் இருபுறமும் இருந்து வார்த்தை வீசிக்கொள்ள, மச்சான் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் துணியை எடுத்துக் குனிந்து துடைத்தான். முதலில் பெரியவரின் மடியைத் துடைக்கப் போனான். அது மரியாதையாக இருக்காதென்று பாதியில் தோன்றியிருக்க வேண்டும், துணியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுத் தரையைத் துடைத்தான்.

அந்தப் பெரியவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கண்ணைப் பார்த்து "உங்களுக்குப் பவர் ஏறியிருக்கே" என்பார், அதனால் பவர் என்று பெயர். வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர் அன்று டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார் என்றால் டீக்காக இல்லை. அவருடைய ஒரே மகளும் கொதியின் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது தெருவுக்குப் பழைய சமாசாரம். பவருக்கு மட்டும்தான் புதுசு. எல்லோருடைய கண்ணையும் சோதிப்பவர் தன் வீட்டு வாசலைப் பார்க்கவில்லை. தெரிந்த பிறகும் அவர் குதிக்கவில்லை. பெண்ணைக் கட்டுகிறவன் தன் கடையையும் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்குக் கை நிதானமாக இருக்க வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்றார். பையன் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு அன்றைக்கே வாக்குக் கொடுப்பதாகத்தான் வந்திருந்தார்.

இது அத்தனையும் கொதிக்குத் தெரியும். அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். அவர் வாய் கொதிக்கிற பாத்திரத்து மூடி, தானாக நிற்காது. பெரியவரிடம் தன் கடைக்கு ஒரு கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதே என்ற அவசரத்தில் சொன்னார்:

"மன்னிச்சுக்குங்க, எங்க கிளாஸ் மேல தப்பில்லை. கெட்டிக் கிளாஸ். இவன் கையிலதான் கண்ணாடியே தங்காது. உங்க கடையில இவனை விட்டீங்கன்னா ஊருக்கே கண் தெரியாமப் போயிடும்."

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததும் கொதிக்கு நன்றாகத்தான் பேசிவிட்டோம் என்று இருந்தது. பவர் துணியை மடித்து மேசைமேல் வைத்தார், எழுந்தார்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றார்.

கல்யாணப் பேச்சில் யோசித்துச் சொல்கிறேன் என்றால் யோசிக்கவும் போவதில்லை, சொல்லவும் போவதில்லை என்று அர்த்தம். இது கைக்குழந்தைக்கும் தெரியும். கொதிக்கு மட்டும் அது உறைக்க, கடை காலியாகி, மனைவி கல்லாப் பெட்டியைப் பூட்டிச் சாவியை அவர்முன் 'டக்'கென்று வைத்துவிட்டு வீட்டுக்குப் போகும்வரை ஆயிற்று.

இந்தக் கெட்டிக் கிளாஸின் கதையைச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு எதுவும் விளங்காது.

கொதியின் கடைப் பலகையில் "கொதிக்கக் கொதிக்க" என்று எழுதியிருக்கும். ஆறின டீ என்று யாராவது சொன்னால் அவருக்கு அது குடும்பத்தைச் சொன்ன மாதிரி. பல்லில் பட்டால் பல் கூச வேண்டும், நாக்கில் பட்டால் நாக்கு பேசக்கூடாது, அதுதான் டீ. ஆனால் டீ அப்படி இருந்தால் கிளாஸும் அப்படித்தானே இருக்கும்? வாடிக்கைக்காரர்கள் கைக்குட்டையால் பிடித்தார்கள், சட்டை நுனியால் பிடித்தார்கள், ஒருவர் செய்தித்தாளைச் சுற்றிப் பிடித்து டீயோடு தலைப்புச் செய்தியையும் குடித்தார். விரல் பொத்துப்போகிறது என்று புகார் வந்தது. மச்சான் சொன்னான், "ஊத்திட்டுக் கொஞ்சம் பொறுத்துக் கொடுக்கலாம் மாமா." பொறுக்கிற ஆளா? ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அது இவருக்காகவே முன்கூட்டிச் சொல்லி வைக்கப்பட்டது.

கொதி தானே யோசித்தார். கொதி யோசிப்பது அடிக்கடி நடக்கிற காரியமில்லை, அதனால் யோசித்து வந்ததை மாற்ற மாட்டார். முதல் யோசனை, மெல்லிசுக் கிளாஸை ஒதுக்கிவிட்டுக் கெட்டிக் கிளாஸ் வாங்குவது. சுவர் கனமாக இருந்தால் சூடு வெளியே வர நேரமாகும், விரல் தப்பிக்கும். அது தவிர கெட்டி, விழுந்தாலும் உடையாது. இரண்டாவது யோசனை அதைவிடப் பெரிய யோசனை. சோடா பாட்டில் வைக்கிற ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டைக் காலி செய்து கிளாஸை அதில் அடுக்கி வைப்பது. டீ கொதிக்கக் கொதிக்க இருக்கும், கிளாஸ் சில்லென்று இருக்கும், நாக்குக்கு ஒன்று விரலுக்கு ஒன்று. இப்படி ஒரு உபாயம் உலகத்தில் யாருக்கும் தோன்றவில்லையே என்று அவர் ஆச்சரியப்பட்டார். தோன்றியவர்கள் ஏன் செய்யவில்லை என்று ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும்.

மச்சானுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு கிளாஸிலும் ஒரு மடக்கு வெந்நீர் விட்டுச் சுழற்றிக் கொட்டுவான், பிறகுதான் டீ. அதையும் கொதி நிறுத்தினார். "நான் கஷ்டப்பட்டுக் குளிர வச்சா, நீ வெந்நீர் ஊத்தி அதைக் கெடுக்கறியா?" பின்னால் கிளாஸ்கள் உடைய ஆரம்பித்தபோது மச்சான் ஒருமுறை சொல்லிப் பார்த்தான்: "பழைய மெல்லிசுக் கிளாஸ் ஒண்ணுகூட இப்படி உடைஞ்சதில்ல மாமா." கொதி அதற்கு, "அது உன் கைக்கு இன்னும் பழகலை, கெட்டியைப் பிடிக்கிறதுக்கு ஒரு தெம்பு வேணும்" என்று பதில் சொன்னார். அதற்குமேல் அவன் பேசவில்லை. தெருவில் முதல் சில நாட்கள் எல்லோரும் சில்லென்ற கிளாஸைத் தொட்டுப் பார்த்து, கெட்டிக்காரர்தான் என்றார்கள். அந்தச் சொல்லை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் இருமுறை சொன்னார். அவள் ஒருமுறைகூடத் திருப்பிச் சொல்லவில்லை.

பிறகுதான் கிளாஸின் அடி கழலுகிற 'டிக்' சத்தம் ஆரம்பித்தது.

பவர் எழுந்து போன அன்றைக்கு வீட்டில் சத்தமே இல்லை. கொதியின் மனைவி சண்டை போட்டால் ஊர் அறியும். ஆனால் அவள் நிஜமாகக் கோபப்பட்டால் பேச்சு நின்றுவிடும். சொல்ல வேண்டியதைச் சுவரிடம் சொல்வாள், அடுப்பிடம் சொல்வாள். கொதி பக்கத்தில் நின்று பொறுக்கிக்கொள்ள வேண்டியது. அன்று அடுப்பு கேட்டது, தாயில்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்து ஆளாக்கினால் தெருவில் வைத்து அவன் கையை ஏலம் போடுகிறவர்களும் உண்டு என்று. சுவர் கேட்டது, சொன்ன வாயே போய்ச் சரிசெய்துவிட்டு வந்தால்தான் இந்த வீட்டில் இனிப் பேச்சு என்று. மச்சான் உள்ளறையில் துணிமணிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தான். வேறு ஊரில் ஒரு ஓட்டலில் வேலை கேட்டு வைத்திருப்பதாகவும், வாரம் முடிந்ததும் கிளம்புவதாகவும் அக்காவிடம் சொல்லியிருந்தான். அவனுக்கு மாமன்மேல் கோபம் இருந்ததா என்றால், பையின் ஜிப்பை அவன் மெதுவாகத்தான் இழுத்தான். அந்த மெதுவைக் கொதியால் தாங்க முடியவில்லை. ஒரு கத்துக் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

மறுநாள் கொதி சரிசெய்யப் போனார். எரிகிற வீட்டை அணைக்க எண்ணெய்க் குடத்தோடு ஓடியவனும் நல்லெண்ணத்தில்தான் ஓடியிருப்பான்.

பவரின் கடை சின்னது. சுவர் முழுக்கக் காலிச் சட்டங்கள், உள்ளே போனால் ஆளில்லாத ஐம்பது பேர் உற்றுப் பார்ப்பதுபோல் இருக்கும். பவர் வெல்வெட் துணி விரித்த தட்டில் ஒரு லென்ஸை வைத்து ஓரம் தேய்த்துக்கொண்டிருந்தார். மகள் கணக்கு மேசையில் உட்கார்ந்து தலை நிமிராமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கொதி தொண்டையைச் செருமி ஆரம்பித்தார். நேற்றுச் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது. பையன் தங்கம். வேண்டுமென்று எதையும் உடைப்பவன் இல்லை. அது பிறவியிலேயே வந்தது, கையமைப்பு அப்படி, அவன் என்ன செய்வான் பாவம். சின்ன வயதில் பால் புட்டியையே கீழே போட்டவன். அக்காதான் சொன்னாள். இப்படியே வரிசையாக அடுக்கிக்கொண்டு போனவர், பவரின் கையிலிருந்த லென்ஸ் அசையாமல் நின்றுபோனதைக் கவனித்தபிறகு, ஆதரவாக ஒன்று சொல்லி முடிப்போமென்று, "பழகப் பழகக் குறைஞ்சுடும்" என்றார்.

பவர் லென்ஸைத் தட்டில் வைத்தார். "இதுல தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல் விழுந்தாலும் ஒரு மனுஷன் வாழ்நாள் முழுக்க அந்தக் கீறல் வழியாத்தான் உலகத்தைப் பார்ப்பான்," என்றார். "நான் இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

வாசல்வரை வழியனுப்ப வந்த மகள் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, எங்களுக்கு ஒரு உதவி செய்யணும்."

"சொல்லும்மா."

"இனிமே எங்களுக்கு உதவி செய்யாதீங்க."

கொதி தெருவைக் கடந்து தன் கடைக்கு வந்தார். எல்லோரும் தன்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. நிஜமாகவே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பக்கத்துச் சலூன்காரர், பாதி சவரத்தோடு ஆளை நாற்காலியில் விட்டுவிட்டு வாசலுக்கே வந்திருந்தார்.

மச்சான் வரவில்லை, மனைவி கல்லாவுக்கு வரவில்லை. தனியாளாகக் கடையை நடத்துகிற கம்பீரத்தோடு கொதி ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு கிளாஸை எடுத்தார், வடிகட்டியை உயர்த்தி ஊற்றினார். டிக். அடிவட்டம் கழன்று மேடைமேல் நின்றது, மேல்வளையம் அவர் விரலில். இப்போது அந்த வளையலை யார் போட்டிருக்கிறார் என்று பார்க்கக் கடையில் ஒருவரும் இல்லை. கொதி முதலில் செய்தது அதைத்தான் உறுதி செய்துகொண்டது. பிறகு துண்டுகளைச் சாக்குக்குக் கீழே தள்ளினார்.

அடுத்தது நின்றது. அதற்கடுத்தது நின்றது. அவருக்குத் தைரியம் வந்தது. அடுத்தது டிக். அப்போது சலூன்காரர் நுழைந்து என்ன சத்தம் என்றார். "எலி," என்றார் கொதி. எந்த எலி 'டிக்' என்று கத்தும் என்று அவர் கேட்கவில்லை, வயிறு டீக்குக் காத்திருந்தது.

மத்தியானத்துக்குள் சாக்கு மேடுதட்டிவிட்டது. கொதி அதன்மேல் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து தன்னையே நினைத்துப் பார்த்தார். உடைக்கிற கை எது என்று இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, அது அவர் தோளிலிருந்துதான் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதும் உண்மை. வாயைத் திறக்காவிட்டால் எலியோடு போய்விடும். வாழ்க்கையில் முதல்தடவையாக வாயை மூடிக்கொண்டிருப்பது இவ்வளவு சௌகரியமாக இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியது. தோன்றிய உடனே, மூடவேண்டிய நேரத்தில் திறந்து, திறக்கவேண்டிய நேரத்தில் மூடுகிற வாயைக் கடவுள் எதற்குப் படைத்தார் என்றும் தோன்றியது. முந்தின நாள் வீட்டு உள்ளறையில் அந்த ஜிப் இழுபட்ட சத்தம் அவர் காதிலேயே இருந்தது.

என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று எழுந்தார். பரணிலிருந்து பழைய மெல்லிசுக் கிளாஸை இறக்கினார், கழுவினார், கொதிக்கிற டீயை ஊற்றினார். ஒன்றும் ஆகவில்லை. மெல்லிசு, ஊதினால் பறக்கிற மாதிரி, தேமே என்று நின்றது. கெட்டிக் கிளாஸ் ஒன்றை ஃப்ரிட்ஜில் வைக்காமல், வெந்நீர் சுழற்றிவிட்டு ஊற்றினார். நின்றது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றினார். டிக். அவர் கையை உயர்த்தி ஊற்றினார், தாழ்த்தி ஊற்றினார், இடதுகையால் ஊற்றினார். மேடையே ஒரு நதிபோல் ஓடியது.

"என்னங்க பண்றீங்க?"

மனைவி வாசலில் நின்றாள். கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள்; கோபத்தில் பேச்சு நிற்கும், சாப்பாடு நிற்காது. அவளாகப் பேசிவிட்டாள் என்பதுகூடக் கொதிக்கு உடனே உறைக்கவில்லை.

"இது கெட்டிடி," என்றார், பாதிக் கிளாஸைத் தூக்கிக் காட்டி. "கெட்டியா இருக்கிறது எப்படி உடையும்? மெல்லிசு நிக்குது, கெட்டி உடையுது."

அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்துவிட்டு ஃப்ரிட்ஜைத் தொட்டுப் பார்த்தாள், கிளாஸைத் தொட்டுப் பார்த்தாள், கெட்டிலைத் தொடாமல் பார்த்தாள். சமையலறையில் இருப்பவளுக்கு எது வேகும், எது வெடிக்கும் என்று சொல்லித்தர ஆள் வேண்டாம்.

"தடிப்பா இருக்கிறது எல்லாம் உறுதின்னு யார் சொன்னா? ரெண்டுக்கும் நாம கெட்டின்னே சொல்றோம், அவ்வளவுதான். கிளாஸுக்கு அது தெரியுமா? சூடு பட்டா எதுவும் கொஞ்சம் விரியும். மெல்லிசுல உள்ள ஊத்தின சூடு உடனே வெளியவும் வந்துடுது, ரெண்டு பக்கமும் ஒண்ணா விரிஞ்சுக்குது. தடிப்பானதுல உள்பக்கம் விரியப் பாக்கும், வெளிப்பக்கத்துக்கு இன்னும் சேதியே போயிருக்காது. அதுலயும் நீங்க அதைப் பனிக்கட்டியாக்கி வச்சிருக்கீங்க. உள்ள தள்ளுது, வெளிய விடமாட்டேங்குது. அது வேற என்ன பண்ணும், பாட்டா பாடும்?"

கொதி யோசித்தார். அவள் அத்தோடு விடவில்லை.

"நம்ம வீட்டைப் பாருங்க. உள்ள நீங்க கொதிக்கிறீங்க. வெளிய நான் பேசாம குளிர்ந்து கிடக்கிறேன். நடுவுல விரிசல் விட்டு நிக்கிறது என் தம்பி."

இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. பழகின வாய் ஒருமுறை, "அப்ப தப்பு ஃப்ரிட்ஜ் மேலதான்" என்று ஆரம்பித்தது. மனைவி பார்த்தாள். "ஃப்ரிட்ஜை வாங்கினவன் மேல," என்று கொதி திருத்தினார். அவள் இன்னும் பார்த்தாள். "அதுல கிளாஸை வச்சவன் மேல," என்று முழுசாகத் திருத்தினார்.

திருத்தியதை எதிர்க்கடைக்கும் போய்ச் சொல்ல வேண்டும். வெறும் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? நேற்றைக்கு ஒன்று, காலையில் ஒன்று என்று அந்த வாய்க்கு ஏற்கெனவே மதிப்பு மிச்சமில்லை. அதனால் கொதி ஒரு தட்டு எடுத்தார். ஒரு மெல்லிசுக் கிளாஸ், ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு கெட்டிக் கிளாஸ், புகைகிற கெட்டில். இவற்றோடு தெருவைக் கடந்தார். பின்னால் மனைவி, அவளுக்குப் பின்னால் சலூன்காரர், சலூன்காரருக்குப் பின்னால் கழுத்தில் துணியோடு அவருடைய வாடிக்கைக்காரர். கோயில் ஊர்வலத்துக்குக்கூட இவ்வளவு கவனத்தோடு ஆள் சேராது.

பவர் நிமிர்ந்தார். கணக்கு மேசையிலிருந்து மகளும் நிமிர்ந்தாள், நிமிர்ந்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதவி வந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நான் பேச வரலை," என்றார் கொதி. "ஊத்த வந்திருக்கேன்."

முதலில் மெல்லிசில் ஊற்றினார். நின்றது. "பாத்துக்குங்க, இது மெல்லிசு." பிறகு கெட்டியில் ஊற்றினார். நின்றது.

தெருவே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க அது நின்றது. வரும் வழியில் வெயில் பட்டுக் குளிர் கொஞ்சம் விட்டிருக்க வேண்டும். காலையிலிருந்து அவர் வேண்டாம் வேண்டாம் என்றபோதெல்லாம் உடைந்த சாதி, உடை உடை என்று அவர் மனதுக்குள் கும்பிட்டபோது வாட்டசாட்டமாக நின்றது. உடையாத கிளாஸைப் பார்த்து ஒரு டீக்கடைக்காரன் அழப்போவது அதுதான் முதல்தடவையாக இருக்கும்.

"உடையணும்," என்றார் அவர் தீனமாக. "சத்தியமா உடையும். காலையிலேர்ந்து என் கையிலேயே உடைஞ்சுக்கிட்டிருந்தது. இந்தச் சலூன்காரரைக் கேளுங்க, எலின்னு பொய் சொன்னேன். அவன் கையில ஒண்ணுமில்லைங்க. வெந்நீர் சுழற்றி ஊத்துவான், நான்தான் வேண்டாம்னேன். ஃப்ரிட்ஜுல வச்சு ஊத்தச் சொன்னது நான். உடைச்சது அவன் கை இல்லை, என் மூளை."

கிளாஸ் அவர் சொல்லி முடிப்பதற்காகத்தான் காத்திருந்ததோ என்னவோ. டிக்.

டீ மேசைமேல் பரவி வெல்வெட் துணியை எட்டி, லென்ஸ் தட்டுக்குள் புகுந்தது. பவர் பாய்ந்தார். "ஐயோ, லென்ஸு!" தட்டை அவர் பிடுங்க, கெட்டிலை ஒதுக்கப்போன கொதியின் முழங்கை அதில் பட, லென்ஸ்கள் எல்லாம் கடை முழுக்க உருண்டன. கொதி இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, இனி தன் தலைமுறைக்கே கண்ணாடிப் பக்கம் போகக் கூடாதென்று நேர்ந்துகொள்ளாத குறை.

மகள் எழுந்து வந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். துடைத்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆகலைப்பா. எல்லாம் பிளாஸ்டிக்தானே."

கொதி தலையிலிருந்து கையை எடுத்தார்.

"பிளாஸ்டிக்கா?" என்றார் கொதி.

"இப்ப யாரு கண்ணாடியில போடறாங்க? அப்பாவுக்கு வாயில பழைய பேச்சு, அவ்வளவுதான். கீழ போட்டா உடையவே உடையாது."

பவர் எங்கோ பார்த்தார். தன்னைச் சுற்றியிருந்த ஐம்பது காலிச் சட்டங்களில் ஒன்றைக்கூட அவரால் நேருக்குநேர் பார்க்க முடியவில்லை. கை நிதானம், கை நிதானம் என்று ஒரு பையனைத் தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவரின் சரக்கு, கூரையிலிருந்து போட்டாலும் பந்துபோல் துள்ளும் என்பது தெருவுக்கே அம்பலமாகிவிட்டது. அந்த நிமிஷத்தில் கொதிக்கு அவர்மேல் ஒரு சகோதர பாசம் வந்தது. முட்டாள்தனத்தில் தனியாக இருப்பதைவிடத் துணையோடு இருப்பது எவ்வளவோ தேவலை.

"கீறல் விழும்," என்றார் பவர், தன் மானத்துக்காக. "பிளாஸ்டிக்ல கீறல் சீக்கிரம் விழும்." பிறகு மகளைப் பார்த்தார். "அந்தப் பையனுக்கு இந்த ஃப்ரிட்ஜு விஷயம் தெரியுமா?"

"தெரியும். மாமாகிட்ட சொன்னேன், காதுல வாங்கலைன்னு என்கிட்ட சொன்னார்."

"நேத்து அத்தனை பேர் நடுவுல இவர் அவனை அப்படிப் பேசினாரே, ஏன் வாயைத் திறக்கலை?"

மகள் கொதியைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நொடி பார்த்துவிட்டுச் சொன்னாள். "சொன்னா மாமாவுக்கு அவமானமா இருக்கும்னார். வாடிக்கைக்காரங்க முன்னாடி மாமா முகம் கருத்துப் போச்சுன்னா, அப்புறம் கடையை எப்படி நடத்துவாருன்னு."

கொதி கெட்டிலைப் பார்த்தார். அதில் தெரிந்த அவர் முகம் வழக்கத்தைவிட அகலமாகவும் மூக்கு பெரிதாகவும் இருந்தது.

பவர் துணியை எடுத்து மேசையை மெதுவாகத் துடைத்தார். "கை நிக்குதோ இல்லையோ, அவனுக்கு வாய் நிக்குது," என்றார். "கடையில எதை வேணா கத்துக் கொடுத்துடலாம். இதைக் கத்துக் கொடுக்க முடியாது." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் வேண்டுமென்றே கொதியைப் பார்க்கவில்லை, ஆனால் கூட்டத்தில் இருந்த மற்ற எல்லோரும் பார்த்தார்கள்.

"அப்ப, யோசிச்சாச்சா?" என்று கேட்டாள் கொதியின் மனைவி.

"நாளைக்கு வீட்டுக்கு வர்றோம்," என்றார் பவர். "டீ வேண்டாம். தண்ணி போதும்."

கொதி வீட்டுக்குப் போனபோது மச்சான் பையோடு நடையில் உட்கார்ந்திருந்தான். செய்தி அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தது, சலூன்காரரின் கால்கள் அப்படி. கொதி ஏதேதோ தயார் செய்துகொண்டு வந்திருந்தார். நேரில் பார்த்ததும், "பையிலிருந்து துணியை எடு, கசங்கிடும்" என்றுதான் வாயில் வந்தது. மச்சான் சிரித்தான். "சரி மாமா," என்றான். ஜிப்பை இந்தமுறை ஒரே இழுப்பாக இழுத்தான்.

கல்யாணம் அந்த மழைக்காலம் முடிவதற்குள் நடந்தது. பிறகு நடந்ததைத்தான் கொதியால் இன்றுவரை நகைச்சுவையாகச் சொல்ல முடியவில்லை, சொல்லிப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிடுவார். மச்சானும் பவரின் மகளும் தூரத்து ஊர் ஒன்றில் கிளைக் கடை போட்டுப் போய்விட்டார்கள். பவர் கொஞ்சநாள் தனியாக இருந்து பார்த்தார், தெருவில் எல்லோருடைய கண்ணும் ஏற்கெனவே சோதித்தாயிற்று என்று காரணம் சொல்லிவிட்டு, எதிர்க்கடையைப் பூட்டிக்கொண்டு அவரும் மகளோடு போனார். அந்த இடத்தில் இப்போது செருப்புக் கடை. ஃப்ரிட்ஜைக் கொதியே கல்யாணப் பரிசாகக் கொடுத்து அனுப்பினார். மிச்சமிருந்த கெட்டிக் கிளாஸ்களையும் பெட்டியில் கட்டிக் கொடுத்தார். அதில் ஒன்று பவரின் மகளுடைய மேசையில் பேனா வைக்கப் பயன்படுவதாகக் கேள்வி. மற்றவை என்ன ஆயின என்று யாரும் கேட்கவில்லை.

கொதியின் கடையில் இப்போது மெல்லிசுக் கிளாஸ்தான். ஒரு மடக்கு வெந்நீர் விட்டுச் சுழற்றிக் கொட்டிவிட்டுத்தான் ஊற்றுகிறார், ஊற்றி ஆற வைத்துத்தான் கொடுக்கிறார். பலகையில் மட்டும் "கொதிக்கக் கொதிக்க" அப்படியே இருக்கிறது, மாற்ற மனம் வரவில்லை. யாராவது அவசரப்படுத்தினால், "யோசிச்சுக் கொடுக்கிறேன்" என்கிறார். போன மாதம் அந்த ஊரிலிருந்து ஒரு சின்னப் பெட்டி வந்தது, மூக்குக்கண்ணாடி. அதை மாட்டிக்கொண்டு முதல் டீயை ஊற்றினார், ஆவி அடித்து இரண்டு பக்கமும் மூடிக்கொண்டது, கல்லாவில் மனைவி உட்கார்ந்திருப்பதாகத்தான் மங்கலாகத் தெரிந்தது. துடைக்காமல் அப்படியே கொஞ்சநேரம் நின்றார். மச்சானுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, பிரசவத்துக்கு உதவியாகப் போன மனைவி இன்னும் திரும்பவில்லை என்பது கண்ணாடியைத் துடைத்தபோதுதான் அவருக்கு நினைவு வந்ததாம். கல்லாவில் உட்கார்ந்திருந்தது சலூன்காரர்.